நல்ல கம்ப்யூட்டருக்கு ஓய்வா? புதிய விண்டோஸ் வந்த பிறகு தாம்பரம் வட்டாரத்தில் நடந்தது என்ன?

குரோம்பேட்டையில் ஒரு சின்னக் கடை. கல்யாணப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம், மாணவர்களின் புராஜெக்ட் எல்லாம் டைப் அடித்துக் கொடுக்கிற கடை. ஜெராக்ஸும் உண்டு. கடையை நடத்துவது ஒரு பெண்மணி. இருபது வருஷமாக இதே தொழில்தான்.

கடைக் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 10. "அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டும்" என்று பழுது பார்க்கும் பையன் சொன்னான்.

"எவ்வளவு ஆகும், தம்பி?" என்று கேட்டார் கடைக்கார அம்மாள்.

"விண்டோஸ் இலவசம், அக்கா. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதுசு ஒன்று மாட்டினால் பறக்கும். அதற்கு மட்டும் காசு கொடுங்கள்" என்றான் பையன்.

பைல்களை எல்லாம் பத்திரமாக எடுத்து வைத்தான். பழையதைக் கழற்றினான். புதிய டிஸ்க்கில் புதிய விண்டோஸை ஏற்றினான். மறுநாள் கம்ப்யூட்டர் கடைக்குத் திரும்பி வந்தது. முன்பு திறப்பதற்கு 3 நிமிஷம் ஆகும். இப்போது 20 விநாடி! அம்மாளுக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் முதல் வாடிக்கையாளர் வரும் வரையில்தான் நீடித்தது.

வந்தவர் பெண்ணைப் பெற்றவர். மூத்த மகள் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையையே கொஞ்சம் மாற்றி, இளைய மகள் கல்யாணத்துக்கு வேண்டும் என்றார். அம்மாள் பழைய பைலைத் திறந்தார்.

திரையில் தமிழைக் காணோம்! ஆங்கில எழுத்துகளும், கமாவும், அடைப்புக் குறியும் கலந்து கொட்டிக் கிடந்தன. மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு கேள்விக்குறியும்!

"என்னம்மா இது, மாப்பிள்ளை மேலேயே கேள்விக்குறி போடுகிறதே உங்கள் கம்ப்யூட்டர்!" என்றாராம் பெண்ணைப் பெற்றவர். அவருக்கு வேடிக்கை. அம்மாளுக்கு வயிற்றில் புளி கரைத்தது. இருபது வருஷத்துப் பைல்கள் ஆயிற்றே!

மாமியார் மாறினால்...

விண்டோஸ் என்றால் என்ன? கம்ப்யூட்டர் பழகாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம்.

கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் கண் விழித்து, மற்ற எல்லா வேலைகளையும் ஏவுகிற மூலச் செயலிக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். அமெரிக்காவில் உள்ள மைக்ரோசாப்ட் கம்பெனி செய்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான் விண்டோஸ். பெரிய குடும்பத்தில் சாவிக்கொத்து மாமியார் இடுப்பில் இருக்கும் அல்லவா? அதுபோல எந்த அறையை யார் திறக்கலாம், யாருக்கு எவ்வளவு இடம், அச்சு யந்திரத்துக்கு யார் போக வேண்டும் என்பதெல்லாம் அதன் பொறுப்பு.

மாமியார் மாறினால் என்ன ஆகும்? வீடு அதேதான். அடுப்பு அதேதான். ஆனால் உப்பு ஜாடி இருந்த இடத்தில் இருக்காது. இதுநாள்வரை வந்து போன சில பழைய உறவுக்காரர்களுக்கு வாசலிலேயே தடை!

குரோம்பேட்டைக் கடையில் நடந்தது அதுதான். பழைய காலத்துத் தமிழ் எழுத்துருக்களில், தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இருக்கிற வரைக்கும் தமிழ் தெரியும். அது இல்லையென்றால் நாற்காலிக்குச் சொந்தக்காரரான ஆங்கில எழுத்து எழுந்து வந்துவிடும். பையன் பைல்களை எடுத்து வைத்தான். எழுத்துருக்களை எடுத்து வைக்கவில்லை. அவனுக்கு வயது இருபது. அப்படி ஒரு காலம் இருந்ததே அவனுக்குத் தெரியாது!

இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி நாற்காலி போட்டு யூனிகோடு என்ற முறை வந்தது. தமிழ்நாடு அரசாங்கமும் 2010-ல் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு முன்பு அடித்த பைல்கள் அடித்தபடியே கிடக்கின்றன. பத்திரிகை அடிக்கும் கடைகளில் பலர் இன்னும் பழைய எழுத்துருவை விடவில்லை. அதில் உள்ள அலங்கார எழுத்துகள் புதியதில் அவ்வளவாக இல்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதிலும் நியாயம் இருக்கிறது.

அம்மாளுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. பரணில் ஒரு பழைய சி.டி. கிடைத்தது. அதிலிருந்து எழுத்துருவை ஏற்றியதும் மாலைக்குள் மாப்பிள்ளை பெயர் திரும்பி வந்தது. ஆனால் பழைய தமிழ் டைப்பிங் செயலி மட்டும் ஏறவே இல்லை. புதிய விண்டோஸில் தமிழ் 99 என்ற விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் உருவான முறை அது. நல்ல முறைதான். அம்மாள் கற்றதோ பழைய டைப்ரைட்டர் முறை. விரல்கள் ஒரு தடத்தில் இருபது வருஷம் ஓடிவிட்டன. "மூளை ஒன்று சொல்கிறது, விரல் வேறு இடத்துக்குப் போகிறது" என்கிறார். முன்பு ஒரு நாளைக்கு 25 பக்கம் அடித்தவர் 10 பக்கம் அடிக்கத் திண்டாடினார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அது எவ்வளவு நஷ்டம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று வாரம் கழித்துத்தான் ஒரு வழி தெரிந்தது. கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக் கழகம் யூனிகோடு எழுத்துருக்களையும் விசைப்பலகைச் செயலியையும் இலவசமாகக் கொடுக்கிறது. அதில் டைப்ரைட்டர் முறையும் உண்டு. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் மூன்று வாரக் கூலி போயிருக்காது.

இன்னொரு சங்கதி. லதா என்ற எழுத்துருவில் அடித்த யூனிகோடு கடிதங்கள் பல அலுவலகங்களில் உண்டு. விண்டோஸ் 10 வந்த காலத்திலிருந்தே லதாவைத் தானாகப் போடுவதில்லை. 'விருப்ப வசதிகள்' என்ற இடத்துக்குப் போய், தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்களை நாமே கேட்டு வாங்க வேண்டும். காசு கிடையாது. கேட்டால்தான் கிடைக்கும், அவ்வளவுதான்.

நின்றுபோனது எது?

விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29-ந் தேதி. "இதுவே கடைசி விண்டோஸ். இனிமேல் இதையே திருத்திக்கொண்டு போவோம்" என்ற கருத்தில் அந்தக் கம்பெனியின் அலுவலர் ஒருவர் அந்த ஆண்டு ஒரு மாநாட்டில் பேசினார். உலகம் நம்பியது. ஆறு வருஷம் கழித்து, 2021 அக்டோபர் 5-ந் தேதி விண்டோஸ் 11 வந்து நின்றது! தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனதும் அதே ஆண்டில்தான்.

பிறகு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்குத் தரும் உதவி நின்றது.

"அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் கம்ப்யூட்டர் திறக்காதாம்" என்று நம் வட்டாரத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. சேலையூரில் ஒரு குடும்பத்தில் போட்டோக்களை எல்லாம் இரவோடு இரவாக வேறு இடத்துக்கு மாற்றினார்களாம். அது வீண் பயம். 15-ந் தேதி காலையிலும் விண்டோஸ் 10 வழக்கம்போல் திறந்தது. போட்டோக்களுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்தது மட்டும் நல்ல காரியம். அதை எப்போதும் செய்யலாம்.

அப்படியானால் நின்றது எது? காவல் நின்றது. திருடர்கள் கம்ப்யூட்டரில் புதிது புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கிறார்கள். மாதாமாதம் கம்பெனி அந்த ஓட்டைகளை அடைத்து அனுப்பும். அது நின்றால், இன்றைக்கு ஒன்றும் ஆகாது. நாளைக்கும் ஆகாது. ஓட்டைகள் மட்டும் சேர்ந்துகொண்டே போகும்.

2017 மே மாதம் வான்னாகிரை என்ற கிருமி 150 நாடுகளில் புகுந்தது. பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகளே ஸ்தம்பித்தன. நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதத்துக்கு முன்பே வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்! பாங்குக் கணக்கை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கிற காலத்தில் இதை அலட்சியம் செய்ய முடியாது.

ரயில்வே தாத்தா சொன்ன உவமை

எல்லாருக்கும் கஷ்டம் வந்தது என்று சொன்னால் அது பொய். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெரியவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 74. மகன் வெளிநாட்டில். இவர் 2020-ல், ஊரடங்குக் காலத்தில், மகனோடு முகம் பார்த்துப் பேசுவதற்காக ஒரு லேப்டாப் வாங்கினார். விண்டோஸ் 11-க்கு மாறுகிறாயா என்று அது கேட்டது. சரி என்றார். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. பைல், போட்டோ, கந்த சஷ்டி கவசம் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன.

"குறை ஒன்றும் இல்லையா, ஐயா?" என்று கேட்டோம்.

"ஒன்றே ஒன்று. இடது பக்கம் மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானை நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டான். மூன்று நாள் தேடினேன். பேத்தி வந்து பழையபடி மூலைக்கே தள்ளிக் கொடுத்தாள். அதற்கு உள்ளேயே வழி இருக்கிறதாம்" என்றார் பெரியவர்.

பிறகு அவர் ஒரு விஷயம் சொன்னார். அது யோசிக்க வைத்தது.

"கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ல் மின்சார ரயில் வந்தது. மீட்டர் கேஜ். எழுபது வருஷத்துக்கு மேல் ஓடியது. 2004-ல் நிறுத்திவிட்டு எல்லாம் அகலப் பாதை ஆயிற்று. கடைசி வரை ஓடிய வண்டிகளில் நல்ல வண்டிகளும் இருந்தன. மோட்டார் நன்றாக இருந்து என்ன செய்ய? தண்டவாளம் மாறிவிட்டதே! என் லேப்டாப்புக்குச் சக்கரம் பொருந்தியது. ஓடுகிறது. பொருந்தாதவன் என்ன செய்வான்?"

அந்தக் கேள்விக்குள்தான் முழு விவகாரமும் அடங்கியிருக்கிறது.

வாசலில் நிற்கும் காவலாளி

முன்பெல்லாம் புதிய விண்டோஸ் வந்தால், பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாம். மெதுவாக ஓடும். திட்டிக்கொண்டே உபயோகிப்போம். விண்டோஸ் 11 அப்படி இல்லை. வாசலிலேயே பரீட்சை வைக்கிறது. 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. இடம் என்பவை பெரிய தடை அல்ல. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரும் கம்பெனியின் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் பிராசஸர்களில் ஏறக்குறைய 2017-க்குப் பிறகு வந்த எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியல் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தியவை மிகச் சில தவிர எல்லாம் வெளியே!

பாதுகாப்புக்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு என்கிறது கம்பெனி. அதில் உண்மை உண்டு. சாவியைச் சில்லுக்குள் பூட்டி வைத்தால் திருடுவது கஷ்டம். ஆனால் இதனால் புதிய கம்ப்யூட்டர் விற்பனை கூடும் என்பதும் உண்மை. கேனலிஸ் என்ற ஆராய்ச்சி நிறுவனம், உலகம் முழுவதும் சுமார் 24 கோடி கம்ப்யூட்டர்கள் இதனால் குப்பைக்குப் போகக்கூடும் என்று 2023-ல் கணக்குச் சொன்னது.

24 கோடியில் ஒன்றை நாம் முடிச்சூரில் பார்த்தோம்.

வெள்ளத்துக்குத் தப்பிய லேப்டாப்

2011 செப்டம்பர் 15-ந் தேதி தமிழ்நாட்டில் இலவச லேப்டாப் திட்டம் ஆரம்பித்தது ஞாபகம் இருக்கும். முதலமைச்சர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கி வைத்தார். அரசாங்கப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குப் பல லட்சம் லேப்டாப்புகள் போய்ச் சேர்ந்தன.

முடிச்சூரில் நாம் பார்த்த குடும்பத்தில் மூத்த மகனுக்குப் பிளஸ்-2 படிக்கும்போது, 2014-ல் அது கிடைத்தது. அந்த வீட்டில் நுழைந்த முதல் கம்ப்யூட்டர். தாயார் சானடோரியம் ஏற்றுமதி மண்டலத்தில் தையல் வேலை. தகப்பனார் இல்லை.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரை மூழ்கடித்தது. இடுப்பளவு தண்ணீரில் தாயார் பரண் மேல் ஏற்றி வைத்த சாமான்கள் மூன்று. ரேஷன் கார்டு இருந்த பை, தாலிச் செயின் இருந்த டப்பா, மகனின் லேப்டாப். கட்டில் போயிற்று. தையல் மெஷின் துருப்பிடித்தது. லேப்டாப் தப்பியது. அதில் படித்தே பையன் டிப்ளமா முடித்தான். இப்போது ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறான். பத்து வயது இளைய தங்கை கல்லூரியில் சேர்ந்தாள். லேப்டாப் அவள் கைக்கு வந்தது.

அந்த லேப்டாப்பில்தான் ஒரு நாள் அறிவிப்பு வந்தது. விண்டோஸ் 10-க்கு உதவி முடிகிறது, இந்தக் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது என்றது அறிவிப்பு.

"தகுதி இல்லை என்று போட்டிருந்தது, சார். எனக்கு என்னையே சொன்ன மாதிரி இருந்தது" என்றாள் அந்தப் பெண்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடையில் விசாரித்தார்கள். "இதைத் தூக்கிப் போடுங்கள். புதுசு 35 ஆயிரம். தவணை உண்டு" என்று பதில் வந்தது. தாயாரின் மூன்று மாதச் சம்பளம்! இன்னொரு கடையில், "காவலாளியை ஏமாற்றி உள்ளே நுழைக்கிறேன், 1,500 ரூபாய் கொடுங்கள்" என்றார்கள். அப்படி நுழைக்க வழி இருப்பது மெய்தான். ஆனால் அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்குத் திருத்தங்கள் வரும் என்று உறுதி கிடையாது என்று மைக்ரோசாப்டே சொல்லியிருக்கிறது. காவலுக்காக மாறிவிட்டு, காவலே இல்லாமல் நிற்பதா?

வழி காட்டியவர் பக்கத்துத் தெருவில் உள்ள ஒரு கல்லூரி மாணவர். அவர் கேட்ட முதல் கேள்வி: "இதில் பாஸ் இருந்திருக்குமே, என்ன செய்தீர்கள்?"

பாஸ் என்பது நம் நாட்டிலேயே உருவான ஆப்பரேட்டிங் சிஸ்டம். லினக்ஸ் என்ற இலவசக் குடும்பத்தைச் சேர்ந்தது. சென்னையில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசாங்க நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. இந்த மாதிரித் திறந்த மென்பொருளை வளர்ப்பதற்கென்று ஒரு தேசிய மையம் ஏற்பட்டது. சி-டாக்கோடு சேர்ந்து அதை நடத்தியது, நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யு.கே.பி.சி. ஆராய்ச்சி மையம்! இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸும் சேர்த்தே கொடுத்தார்கள். இரண்டில் எது வேண்டுமோ அதைத் திறந்துகொள்ளலாம்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். "சினிமா வைக்க இடம் போதவில்லை என்று அப்போதே அழித்துவிட்டேன்" என்றார்.

அவர் மட்டுமா அழித்தார்? அந்த நாளில் எத்தனையோ மாணவர்கள் செய்த முதல் காரியமே அதுதான். அதை எப்படி உபயோகிப்பது என்று சொல்லிக் கொடுக்கப் பல பள்ளிகளில் ஆள் இல்லை. பொருளைக் கொடுத்தார்கள். பழக்கத்தைக் கொடுக்கவில்லை. அரசாங்கத்தின் எல்காட் நிறுவனம் 2006, 2007 வாக்கில் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. அந்த முயற்சி தெருவுக்கு வந்து சேரவில்லை என்பது நம் அபிப்பிராயம்.

மாணவர் வேறொரு லினக்ஸை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து போட்டார். செலவு பூஜ்யம். நினைவகத்தை 4 ஜி.பி. ஆக்குவதற்குப் பழைய சில்லு ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினார்கள். லேப்டாப் எழுந்து ஓடியது.

முழு வெற்றியா? அதுவும் இல்லை. பாடம் படிக்கலாம், வீடியோ பார்க்கலாம், கட்டுரை அடிக்கலாம், தமிழும் வருகிறது. ஆனால் அவள் கல்லூரியில் கணக்குப் பதிவு கற்றுக்கொடுக்கும் செயலி விண்டோஸில் மட்டும் ஓடுவது. அதற்காக மாலையில் ஒரு மணி நேரம் கல்லூரி லேபிலேயே உட்கார்ந்து முடித்துவிட்டு 6.20 ரயிலைப் பிடிக்கிறாள். இருட்டி வீடு திரும்புகிற மகளுக்காகத் தாயார் தெருமுனையில் வந்து நிற்கிறார்.

48 இலக்கப் பூட்டு

புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள் என்றும் எண்ண வேண்டாம். பல்லாவரத்தில் ஒரு கணக்கர். விண்டோஸ் 11 உள்ள புது லேப்டாப் வாங்கினார். ஏதோ ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கினார். திறந்தால், "48 இலக்க மீட்பு எண்ணைக் கொடு" என்று நீலத் திரை! எண் எங்கே இருக்கிறது? அவருக்குத் தெரியாது. பூட்டு இருந்ததே தெரியாது!

புதிதாக ஏற்றும் விண்டோஸ் 11-ல், மைக்ரோசாப்ட் கணக்கோடு நுழைந்தால் டிஸ்க்கைத் தானாகவே பூட்டும் வழக்கம் 2024-லிருந்து பரவலாகிவிட்டது. லேப்டாப் திருடு போனால் உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் சாவி எண் அந்தக் கணக்குக்குள் இருக்கும். கணக்கின் பாஸ்வேர்டை மறந்தால் சொந்தக்காரரும் திருடனும் ஒன்றுதான். கடைப் பையன் தன் பெயரில் கணக்குத் திறந்து கொடுத்திருந்தால் இன்னும் மோசம். நம் கணக்கர் ஐந்து மணி நேரம் தவித்து, மகளின் போனில் அந்தக் கணக்கு இருந்ததால் தப்பினார். புது லேப்டாப் வாங்கிய அன்பர்கள் இன்றைக்கே அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி, பத்திரங்களோடு வையுங்கள்.

கம்பெனியின் திருத்தங்களும் தவறாமல் இருப்பதில்லை. விண்டோஸ் 10-க்கு விடை கொடுத்த அதே 2025 அக்டோபர் 14-ந் தேதி விண்டோஸ் 11-க்கு ஒரு திருத்தம் வந்தது. அதைப் போட்ட கம்ப்யூட்டர்களில், பழுது நீக்கும் திரைக்குப் போனால் மவுஸும் கீபோர்டும் வேலை செய்யாமல் போயின! நோயாளியைப் படுக்கவைத்த பிறகு டாக்டரின் கையைக் கட்டிய கதை. ஆறு நாளில் அவசரத் திருத்தம் அனுப்பிச் சரி செய்தார்கள்.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் 2024 ஜூலை 19-ந் தேதி பிரயாணிகள் பட்ட பாடும் மறந்திருக்காது. அது விண்டோஸின் தவறல்ல. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு திருத்தத்தில் பிழை. உலகம் முழுவதும் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. விமான நிலையங்களில் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

எதை எதற்காகப் புகழ்கிறோம்?

நாம் பேசியவர்களில் பலர், "விண்டோஸ் 11 வேகமாக இருக்கிறது" என்றார்கள். கொஞ்சம் கிளறிப் பார்த்தால், மாறும்போதே பழைய சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற புது வகை டிஸ்க் போட்டிருக்கிறார்கள். குரோம்பேட்டை அம்மாளின் 20 விநாடி ரகசியமும் அதுதான். அதே டிஸ்க்கை விண்டோஸ் 10-க்குப் போட்டிருந்தாலும் வேகம் வந்திருக்கும். அதுபோலவே, "விண்டோஸ் 11 கெடுத்துவிட்டது" என்றவர்களில் பலருக்கு, உண்மையில் தகராறு செய்தது பதினைந்து வருஷத்துப் பிரிண்டர். அதைச் செய்த கம்பெனி புதிய விண்டோஸுக்கு ஏற்ற செயலியைத் தரவில்லை. புகழும் பழியும் இடம் மாறிக் கிடக்கின்றன.

கடை கம்ப்யூட்டரில் மாற்றம் செய்கிறவர்கள் பிரிண்டர், எழுத்துரு, கணக்குச் செயலி மூன்றையும் முதலில் விசாரிக்க வேண்டும். பழைய விண்டோஸைத் துடைக்காமல், அதன் மேலேயே மாறினால் 10 நாளுக்குள் பழையபடி திரும்புவதற்கு உள்ளேயே வழி இருக்கிறது. துடைத்துவிட்டால் இல்லை. பத்து நாள் என்பது கறாரான கெடு.

இரண்டும் வேண்டாம், கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்றவர்களுக்கும் ஒரு ஏற்பாடு அறிவித்தார்கள். விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் கிடைக்கும். மைக்ரோசாப்ட் கணக்கில் சேர்ந்து அமைப்புகளைப் பிரதி எடுக்கச் சம்மதித்தால் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பணம் வேண்டாம். சம்மதிக்காவிட்டால் 30 டாலர். இந்தச் செய்தி கடைகளில் அதிகம் பேசப்படவில்லை. இலவசத்தை விற்று லாபம் பார்க்க முடியாதே!

"மைக்ரோசாப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் விண்டோஸ் காலாவதி ஆகிவிட்டது" என்று போன் வந்தால் மட்டும் உடனே வைத்துவிடுங்கள். அந்தக் கம்பெனி யார் வீட்டுக்கும் அப்படிப் போன் செய்வதில்லை. ஏமாந்து பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை சந்தையில்

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்கும் போய் வந்தோம். ஆணியிலிருந்து ஆட்டுக்கல் வரை கிடைக்கும் சந்தை. ஒரு தார்ப்பாயின் மேல் பழைய லேப்டாப்புகள் அடுக்கி வைத்திருந்தன. அவற்றில் நாலைந்து, மூடியில் படம் போட்ட இலவச லேப்டாப்புகள்.

"இப்போது இவை அதிகமாக வருகிறதா, அண்ணே?" என்று வியாபாரியைக் கேட்டோம்.

"வருது, சார். ஓடுமான்னு கேக்காதீங்க. ஓடும். பாதி நல்லா ஓடுறதுதான் வருது. விண்டோஸ் ஏறலைன்னு போட்டுட்டுப் போறாங்க. நாங்க பிரிச்சு விப்போம். திரை தனி, கீபோர்டு தனி" என்றார்.

முடிச்சூர் அண்ணனை அங்கேதான் மறுபடி பார்த்தோம். தங்கையின் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடுகிறதாம். அதே மாடலுக்கு பேட்டரி தேடிக்கொண்டிருந்தார். வியாபாரி ஒன்றை எடுத்துக் கொடுத்து 600 ரூபாய் என்றார். அண்ணன் 350 என்றார். 450-ல் வந்து நின்றது பேரம்.

"ஓடாவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை திருப்பிக் கொண்டு வருவேன்" என்றார் அண்ணன்.

"கொண்டு வா, தம்பி. நான் இங்கேதான் இருப்பேன்" என்றார் வியாபாரி.